நகர்வது யார், நிற்பது யார்?

சைக்கிள் டைனமோவைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? டயரோடு உரசிக்கொண்டு சுற்றுமே, சின்ன பாட்டில் போல, அதைத்தான் சொல்கிறேன். உள்ளே ஒரு காந்தம். அதைச் சூழ்ந்து செம்புக் கம்பிச் சுருள். சக்கரம் ஓடினால் காந்தம் சுழலும், சுருள் அசையாமல் இருக்கும், விளக்கு எரியும். பழைய கார்களில் இருந்த டைனமோவில் இது தலைகீழ். அங்கே காந்தம் நிற்கும், சுருள் சுழலும். விளக்கு என்னவோ இரண்டிலும் எரிந்தது.

19ஆம் நூற்றாண்டு இயற்பியல் இந்த இரண்டு விளக்குக்கும் இரண்டு கதை சொன்னது. காந்தம் நகர்ந்தால் அதைச் சுற்றியுள்ள வெளியில் ஒரு மின்புலம் பிறக்கிறது, அது கம்பிக்குள் இருக்கும் மின்னூட்டத்தைத் தள்ளுகிறது என்பது ஒன்று. கம்பி நகர்ந்தால் வெளியில் மின்புலம் ஏதும் இல்லை, காந்தப்புலத்துக்குள் ஓடும் மின்னூட்டத்தின் மீது காந்தவிசை செயல்படுகிறது என்பது இன்னொன்று. மீட்டர் வைத்துப் பார்த்தால் மின்னோட்டம் ஒரே அளவு. ஒரே விளைவுக்கு எதற்கு இரண்டு காரணம்? 1905இல் ஐன்ஸ்டைன் எழுதிய சிறப்புச் சார்பியல் கட்டுரை இந்த முரணில்தான் தொடங்குகிறது. அதன் தலைப்பில் சார்பியல் என்ற சொல்லே கிடையாது. நகரும் பொருள்களின் மின்னியக்கவியல் பற்றி என்பதுதான் தலைப்பு. விண்கலத்தில் போய் இளமையோடு திரும்பும் இரட்டையன் போன்றவை பின்னால் சேர்ந்தவை. முதலில் இருந்தது காந்தமும் கம்பிச்சுருளும்தான்.

நான் சேலம் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் 27 ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவள். வீடு ஓமலூரில். தாரமங்கலம், மேச்சேரி, காடையாம்பட்டி என்று சுற்றுப்பட்டிலிருந்து பேருந்து ஏறி வரும் பெண்களுக்குத்தான் இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தேன். நான் கையாண்ட புத்தகங்களில் சார்பியல் என்றால் ஒரு ரயில் வரும். ரயிலில் ஒருவன் இருப்பான், நடைமேடையில் ஒருவன் இருப்பான். இருவரும் ஆண்கள். இரண்டு கடிகாரமும் அவர்களுடையவை. அளப்பவனும் அவன், நகர்பவனும் அவன். இது சின்ன விஷயம் என்று சக ஆசிரியர்கள் சிரிப்பார்கள். சாயங்காலச் செய்முறை வகுப்பு அரை மணி நேரம் நீண்டால் கடைசி டவுன் பஸ் போய்விடுமே என்று வாசலைப் பார்த்துக்கொண்டே கால்வனாமீட்டரைப் பார்க்கும் பெண்ணுக்கு, நகர்வது யார் என்ற கேள்வி சின்னதாக இருக்க முடியாது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது எழுந்த கேலியை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது புரியும்.

அதனால் என் வகுப்பில் ரயிலும் எங்கள் ஊர் ரயில், ஆட்களும் எங்கள் ஊர்ப் பெண்கள். ஓமலூர் சந்திப்பில் சேலம்–பெங்களூர்ப் பாதையிலிருந்து மேட்டூருக்கு ஒரு கிளை பிரிகிறது. அந்த வண்டியில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். காய்ந்த தலையைப் பிளாஸ்டிக் சீப்பால் சீவி, சீப்பை மடியில் வைத்திருக்கிறாள். சீப்பில் மின்னூட்டம் ஏறியிருக்கிறது, காகிதத் துணுக்கை இழுக்கும். அவளைக் கேட்டால் சீப்பைச் சுற்றி மின்புலம் மட்டுமே இருக்கிறது என்பாள். சரியாகத்தான் சொல்கிறாள். நடைமேடையில் நிற்கும் தோழிக்கோ அந்தச் சீப்பு நகரும் மின்னூட்டம். நகரும் மின்னூட்டம் என்றால் மின்னோட்டம். மின்னோட்டம் என்றால் காந்தப்புலம். அவளும் சரியாகத்தான் சொல்கிறாள். (திசைகாட்டி முள் அசையுமா என்று கேட்காதீர்கள், அது கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் 1876இல் ஹென்றி ரோலண்ட் பெர்லினில் ஒரு வட்டத் தட்டுக்கு மின்னூட்டம் ஏற்றி வேகமாகச் சுழற்றி, அது காந்தம் போல நடந்துகொள்வதை உண்மையாகவே காட்டினார்.)

காந்தப்புலம் இருக்கிறதா இல்லையா? ஒருத்திக்கு இருக்கிறது, ஒருத்திக்கு இல்லை. இதில் யாருக்கும் கண் கோளாறு கிடையாது. மின்புலம், காந்தப்புலம் என்று நாம் பிரித்துப் பேர் வைத்திருப்பது ஒரே பொருளின் இரண்டு பக்கங்கள். எந்தப் பக்கம் எவ்வளவு தெரியும் என்பது பார்ப்பவளின் வேகத்தைப் பொறுத்தது.

நகரும்போது மின்புலத்தின் வடிவமும் மாறுகிறது. நிற்கும் மின்னூட்டத்தின் புலம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவியிருக்கும், உருட்டி வைத்த மாவு போல. சீரான வேகத்தில் ஓட ஆரம்பித்தால் அது ஓடும் திசையில் அமுங்கி, பக்கவாட்டில் விரியும். எங்கள் பக்கத்துத் தட்டுவடையை நினைத்துக்கொள்ளுங்கள், அதைச் செங்குத்தாக நிறுத்தி, முகம் முன்னால் பார்க்க ஓட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. ஒளியின் வேகத்தில் 0.6 பங்கு வேகமென்றால், அதே தூரத்தில் பக்கவாட்டுப் புலம் 1.25 மடங்காகிறது, முன்னும் பின்னும் 0.64 மடங்காகக் குறைகிறது. இந்த வடிவத்தை 1888–89இலேயே கணக்கிட்டுவிட்டார் ஆலிவர் ஹெவிசைட். தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்த, கல்லூரிப் பக்கமே போகாத மனிதர். ஏன் அப்படி அமுங்குகிறது என்பதற்கு அவரிடம் மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகள் இருந்தன. வெளியும் காலமுமே பார்ப்பவரைப் பொறுத்து மாறுகின்றன என்ற விளக்கம் வர இன்னும் 16 ஆண்டுகள் ஆயின.

இதையெல்லாம் ஒளி வேகத்தில் ஓடும் துகளுக்கு மட்டும் நடக்கும் அதிசயம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்புக் கம்பியில் ஓர் ஆம்பியர் நேர்மின்னோட்டம் ஓடினால், எலக்ட்ரான்கள் சராசரியாக நொடிக்கு 0.07 மில்லிமீட்டர்தான் நகர்கின்றன. ஒரு மணி நேரத்துக்கு ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே. வகுப்பில் இதைச் சொல்லும் ஒவ்வோர் ஆண்டும் பின்வரிசையிலிருந்து அதே கேள்வி வரும்.

“அவ்ளோ மெதுவாப் போச்சுன்னா சுவிட்சப் போட்டதும் லைட்டு எப்படிங்க மேடம் எரியுது?”

“குழாயில ஏற்கெனவே தண்ணி நின்னுட்டு இருந்தா, அந்தப் பக்கம் தொறந்ததும் இந்தப் பக்கம் வருமில்ல, அப்படித்தான் கண்ணு. தள்ளு வேகமாப் போகுது, தண்ணி மெதுவாப் போகுது.”

இந்த ஆமை வேகத்திலும் சார்பியல் வேலை செய்கிறது. கம்பிக்கு வெளியே, உள்ளே ஓடும் எலக்ட்ரான்களோடு சேர்ந்து அதே வேகத்தில் அதே திசையில் ஓர் எலக்ட்ரான் போவதாக வைத்துக்கொள்வோம். தரையில் நிற்கும் நமக்குக் கம்பி மின்நடுநிலை. நேர்மின் அயனிகளும் எலக்ட்ரான்களும் நீளத்துக்கு நீளம் சரிசமம். வெளியே ஓடும் எலக்ட்ரானைக் காந்தவிசை கம்பியை நோக்கி இழுக்கிறது என்போம். அந்த எலக்ட்ரானோடு நாமும் ஓடினால்? இப்போது எலக்ட்ரான்கள் நிற்கின்றன, அயனிகள் பின்னோக்கி ஓடுகின்றன. ஓடுகிறவற்றின் இடைவெளி நீளக் குறுக்கத்தால் சுருங்குகிறது, நின்றுவிட்டவற்றின் இடைவெளி சற்றே கூடுகிறது. கம்பி நேர்மின் பக்கம் சாய்ந்துவிட்டது. இழுப்பது மின்விசை. சுருக்கத்தின் அளவு 10இன் 25ஆம் அடுக்கில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஆனால் அந்தக் கம்பியின் ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் 85 லட்சம் கோடிக் கோடி எலக்ட்ரான்கள் இருக்கின்றன. இவ்வளவு பேர் சேர்ந்து நகரும்போது, ஒவ்வொருவரிடமும் தெரியாத அந்த மாற்றம் விசைத்தறி மோட்டாரைச் சுற்றவைக்கிறது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும், இயற்பியலுக்காகவும் பெண்களுக்காகவும். “எல்லாமே பார்க்கிற பார்வையில்தான் இருக்கு” என்பதற்கு ஐன்ஸ்டைனைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவர்கள் அதிகம். அடிபட்டு வந்து நிற்கும் பெண்ணிடம் பஞ்சாயத்துப் பெரியவர்கள் சொல்வதும் இதையேதான். அவன் பக்கம் நின்று பார்த்தால் வேறு மாதிரித் தெரியுமாம். சார்பியல் அப்படிச் சொல்லவில்லை. யார் எந்த வேகத்தில் ஓடிக்கொண்டு அளந்தாலும் மின்னூட்டத்தின் அளவு மாறாது. மின்புலமும் காந்தப்புலமும் தனித்தனியாக மாறினாலும், அவற்றைக் குறிப்பிட்ட விதத்தில் சேர்த்துக் கணக்கிட்டால் எல்லோருக்கும் ஒரே விடை வரும். மின்நடுநிலையான நம் கம்பியை எடுத்துக்கொண்டால், எவ்வளவு வேகமாக ஓடினாலும் அதன் காந்தப்புலம் முற்றாக மறையும் ஓர் இடத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. காந்தம் வெறும் தோற்றம் என்று சொல்வதும் தவறு. எது மாறும், எது மாறாது என்று பிரித்துச் சொல்வதுதான் இந்தக் கோட்பாட்டின் வேலை.

மாறாதவை பற்றிய மிக ஆழமான தேற்றத்தை 1918இல் தந்தவர் எமி நோய்தர். இயற்கை விதிகளில் உள்ள ஒவ்வொரு சமச்சீருக்கும் பின்னால் அழியாத ஓர் அளவு இருக்கிறது என்று காட்டினார். கோட்டிங்கன் பல்கலைக்கழகம் அவருக்கு வகுப்பெடுக்கும் உரிமை தர 1919வரை ஆனது. அதுவரை அவருடைய வகுப்புகள் ஹில்பர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்டன.

ஆக, சமன்பாடு பார்ப்பவர் யாராயிருந்தாலும் கவலைப்படவில்லை. சமன்பாட்டைச் சூழ்ந்திருந்த கட்டடங்கள் கவலைப்பட்டன. ஃபாரடே புத்தகக் கட்டுநராக இருந்த சிறுவயதில் அறிவியலின் பக்கம் திரும்பியது ஜேன் மார்செட் எழுதிய வேதியியல் உரையாடல்களைப் படித்து. இரண்டு சிறுமிகளுக்கு ஒரு பெண் பாடம் சொல்வதாக அமைந்த அந்த நூல் முதலில் ஆசிரியர் பெயர் இல்லாமல்தான் வந்தது. மேக்ஸ்வெல் கேவண்டிஷ் ஆய்வகத்தின் தலைவராக இருந்தபோது பெண்களை உள்ளே விடத் தயங்கினார். கடைசியில் இணங்கியதும் கோடை விடுமுறைக்கு மட்டும், அவர் ஸ்காட்லாந்து போயிருக்கும் நாட்களுக்கு மட்டும். இவை எல்லாம் புத்தகங்களில் நகைச்சுவைத் துணுக்காக வருகின்றன.

மிலேவா மாரிச் பற்றிக் கேட்பீர்கள். கூட்டங்களில் கட்டாயம் கேட்கிறார்கள். 1905 கட்டுரையை அவர்தான் எழுதினார், கணவர் திருடிவிட்டார் என்று சொல்ல என்னால் முடியாது, ஆதாரம் அவ்வளவுக்கு இல்லை. இல்லாத ஆதாரத்தின் மீது கட்டும் பெண் வரலாறு நமக்கே எதிராகத் திரும்பும். தெரிந்தவை போதுமானவை. 1896இல் சூரிச் பாலிடெக்னிக்கில் ஐன்ஸ்டைனோடு சேர்ந்தவர் மிலேவா, அவருடைய பிரிவில் இருந்த ஒரே பெண். 1901இல் அவருக்கு எழுதிய ஒரு காதல் கடிதத்தில் சார்பியக்கம் பற்றிய ஆய்வை ஐன்ஸ்டைன் “நம்முடையது” என்றே குறிப்பிடுகிறார். 1900இல் இறுதித் தேர்வில் தவறிய மிலேவா 1901இல் மறுபடி எழுதினார், வயிற்றில் குழந்தையோடு. மறுபடி தவறினார். 1902 தொடக்கத்தில் குழந்தை பிறந்தது, திருமணம் 1903இல். அந்தக் கருவின் தந்தை அதே ஆண்டுகளில் டிப்ளமாவோடு வேலை தேடிக்கொண்டிருந்தார். ஒரே வகுப்பில் தொடங்கிய இருவரில் ஒருவர் நகர்ந்தார். 1905 கட்டுரையில் மேற்கோள் நூல் ஒன்றுகூட இல்லை. முடிவில் நன்றி சொல்லப்பட்டிருப்பவர் நண்பர் மிஷேல் பெஸ்ஸோ ஒருவர்தான்.

நம் நாட்டுக்கு இந்தக் கட்டுரை வந்த வழி கொல்கத்தா. 1916இல் அங்கே பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் இரண்டு இளைஞர்களை விரிவுரையாளர்களாகச் சேர்த்தார் அசுதோஷ் முகர்ஜி. ஒருவர் சத்யேந்திரநாத் போஸ். மற்றவர் மேகநாத் சாகா, டாக்கா அருகே ஒரு கிராமத்துச் சிறுகடைக்காரரின் மகன். மாணவர் விடுதியில் சாதியின் பெயரால் பந்தியில் ஒதுக்கிவைக்கப்பட்ட அனுபவம் உள்ளவர். உலகப்போர் காலம், ஜெர்மனியிலிருந்து இதழ்கள் வருவதில்லை. இருவரும் ஜெர்மன் மொழி கற்றுக்கொண்டு, கிடைத்த நூல்களைப் படித்தார்கள். 1920இல் கொல்கத்தா பல்கலைக்கழகம் வெளியிட்ட சார்பியல் கட்டுரைகளின் ஆங்கிலத் தொகுப்பு இவர்கள் செய்தது. நகரும் மின்னூட்டங்களைப் பற்றிய 1905 கட்டுரையையும் மின்கோவ்ஸ்கியின் கட்டுரையையும் சாகா மொழிபெயர்த்தார். பொதுச் சார்பியலைப் போஸ். முன்னுரை எழுதியவர் மகலனோபிஸ். ஐன்ஸ்டைனின் இந்தக் கட்டுரைகள் ஆங்கிலத்துக்கு முதலில் வந்தது லண்டனில் அல்ல.

சாகா மொழிபெயர்ப்போடு நிற்கவில்லை. நகரும் மின்னூட்டத்தின் புலங்களுக்கு லியனார் 1898இலும் வீஹெர்ட் 1900இலும் ஒரு சூத்திரம் கண்டிருந்தார்கள், மிகவும் சுற்றிவளைத்த வழியில். சாகா 1919இல் ஃபிலசாஃபிக்கல் மேகசின் இதழில் எழுதிய கட்டுரையில் மின்னூட்டத்தோடு சேர்ந்து பயணிப்பவரிடமிருந்து தொடங்கினார். அவருக்கு மின்னூட்டம் நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் படிக்கும் கூலும் விதியே போதும். பிறகு மின்கோவ்ஸ்கியின் நான்கு பரிமாண வெளியில் அதை எழுதி, தரையில் நிற்பவருக்கு மாற்றிக்கொடுத்தார். லியனார், வீஹெர்ட் கண்ட முடிவே வந்தது. சீப்பு வைத்திருக்கும் பெண் சொல்வதைக் கேட்டு, நடைமேடைப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று கணக்கிட்டுவிடலாம் என்பதன் முழு வடிவம் அது. சாகா என்றால் விண்மீன்களின் அயனியாக்கச் சமன்பாட்டை மட்டும் சொல்கிறோம். பந்திக்கு வெளியே உட்காரவைக்கப்பட்ட இளைஞர், இன்னொருவர் இருக்கும் இடத்திலிருந்து கணக்கைத் தொடங்கிய இந்தக் கட்டுரைதான் எனக்கு அதிகம் பிடித்தது.

அந்தக் கொல்கத்தாவில் பெண் பட்டதாரிகள் இல்லாமல் இல்லை. காதம்பினி கங்கூலியும் சந்திரமுகி பாசுவும் 1883இலேயே பட்டம் பெற்றுவிட்டார்கள். ஆனால் சாகா, போஸ் கதையில் படிப்பறை, விரிவுரை, மொழிபெயர்ப்பு என்று எங்கு தேடினாலும் ஒரு பெண் பெயர் அகப்படுவதில்லை. அதே கல்லூரி வட்டத்திலிருந்து ஜெர்மனி போய், போரில் மாட்டிக்கொண்டு, 1919இல் திரும்பிவந்தவர் தேபேந்திர மோகன் போஸ். அவர் வழியாகத்தான் அந்தப் பெயர் வருகிறது, கிட்டத்தட்ட 20 ஆண்டுகள் கழித்து.

பிபா சௌதுரி, பிறப்பு 1913. 1936இல் கொல்கத்தா பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முதுகலை, வகுப்பில் ஒரே பெண். ஆய்வு செய்ய வேண்டும் என்று டி.எம். போஸிடம் போனபோது, பெண்களுக்குக் கொடுக்கத் தகுந்த ஆய்வு தன்னிடம் இல்லை என்று அவர் முதலில் தட்டிக்கழித்ததாக பிபாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிபா விடவில்லை. 1938க்குப் பிறகு இருவரும் போஸ் நிறுவனத்தில் காஸ்மிக் கதிர்களைப் புகைப்படத் தட்டில் பிடிக்கும் வேலையைத் தொடங்கினார்கள். டார்ஜிலிங்கிலும் 3,600 மீட்டர் உயரத்துச் சந்தக்பூவிலும் தட்டுகளை மாதக்கணக்கில் வைத்துவிட்டு, எடுத்துவந்து கழுவி, நுண்ணோக்கியின் கீழே வெள்ளித் துகள்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். கண்ணும் முதுகும் போகும் வேலை.

தட்டில் தடம் எப்படி விழுகிறது? இங்கேதான் நம் நகரும் மின்னூட்டம் திரும்ப வருகிறது. மின்னூட்டமுள்ள துகள் தட்டின் மேல்பூச்சைக் கடக்கும்போது, அதனுடைய புலம் வழியிலுள்ள வெள்ளி புரோமைடுத் துகள்களின் எலக்ட்ரான்களைப் பிடித்து உலுக்குகிறது. மெதுவாகப் போனால் உலுக்க நேரம் அதிகம், தடம் அடர்த்தி. வேகமாகப் போனால் தடம் மெலிகிறது. ஒளி வேகத்தை நெருங்கும்போது ஹெவிசைட் கண்ட அந்தத் தட்டுவடைப் புலம் பக்கவாட்டில் வெகுதூரம் எட்டுவதால், தடம் மறுபடி கொஞ்சம் தடிக்கிறது. துகள்களின் அடர்த்தியையும் பாதை எப்படி வளைந்து நெளிகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் துகளின் நிறையைச் சொல்லிவிடலாம். போஸும் பிபாவும் நேச்சர் இதழில் 1940 முதல் 1942 வரை எழுதிய குறிப்புகளில், எலக்ட்ரானைப் போல ஏறத்தாழ 200 மடங்கு நிறையுள்ள ஒரு துகளைச் சொன்னார்கள். அன்றைய பெயர் மெசோட்ரான். அவர்கள் அளந்தவற்றில் இன்று நாம் மியூவான் என்று சொல்வது இருந்தது.

அவர்களிடம் இருந்த தட்டுகளின் பூச்சு உணர்திறன் குறைந்தது. மெதுவாகப் போகும் துகள்களே அதில் தடம் விடும். மிக வேகமானவை பூச்சைக் கடந்தும் ஒரு புள்ளியும் விழாது. போர்க்காலத்தில் நல்ல தட்டு இந்தியாவுக்கு வரவில்லை. போர் முடிந்ததும் பிரிஸ்டலில் செசில் பவல் குழுவுக்கு மேம்பட்ட பூச்சு கிடைத்தது. 1947இல் பையானைக் கண்டார்கள், 1950இல் பவலுக்கு நோபல். கொல்கத்தாவில் இந்த முறையை முன்பே பயன்படுத்தியதைப் பவலும் பின்னர் தம் நூலில் பதிவு செய்தார். அதிவேகத் துகளின் தடம் மறுபடி தடிப்பதைப் பார்க்கும் அளவுக்குப் பூச்சு தேறியது 1948க்குப் பிறகுதான்.

இந்தக் கதையை இந்திய அறிவியல் கட்டுரைகளில் படிக்கும்போதெல்லாம் ஒரு தலைப்பு வரும்: டி.எம். போஸ் தவறவிட்ட நோபல். பிபா அதில் உதவியாளர். குறிப்புகளில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. தவறவிட்டவர் மட்டும் ஒருவர். தோல்வியில்கூட அவருக்குப் பங்கு தரவில்லை.

1945இல் மான்செஸ்டர் போனார், பிளாக்கெட்டின் ஆய்வகத்தில் காஸ்மிக் கதிர் மழை பற்றி முனைவர் பட்ட ஆய்வு. அங்குள்ள ஒரு செய்தித்தாள் அவரைப் பேட்டி கண்டபோது, இயற்பியலில் பெண்கள் இவ்வளவு குறைவாக இருப்பதைப் பெரிய சோகமாகச் சொன்னார். அதே 1945இல் இங்கே என்ன நடந்தது என்று பார்த்தால்: சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் ராமனின் ஆய்வகத்தில் வைரங்களின் ஒளியியல் பற்றி வேலை செய்த அன்னா மாணி தம் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. ஆய்வேடு எழுதியது குறைவாகப் போயிற்று, தாள் ஒன்று இல்லாதது பெரிதாகப் போயிற்று.

1949இல் ஹோமி பாபா பிபாவை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அழைத்துக்கொண்டார், அங்கே முதல் பெண் ஆய்வாளர். பிறகு அகமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடம். 1991இல் கொல்கத்தாவில் இறக்கும்வரை கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். இந்திய அறிவியல் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராக்கவில்லை.

மியூவானின் சராசரி ஆயுள் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. ஒளி வேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் போக முடியும். ஆனால் 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறந்து தரைவரை வந்துவிடுகிறது, ஓடும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்பதால். இந்தப் பக்கத்தைப் பிடித்திருக்கும் உள்ளங்கையை மல்லாத்தினால் நொடிக்கு ஒன்றிரண்டு மியூவான்கள் அதைத் துளைத்துக்கொண்டு போகும். தரைக்குக் கீழேயும் போகும். எவ்வளவு ஆழம் போகும் என்று பார்க்க இந்திய இயற்பியலாளர்கள் தேர்ந்தெடுத்த இடம் கோலார் தங்கவயல். ஓமலூரிலிருந்து வடக்கே தருமபுரி, கிருஷ்ணகிரி தாண்டிப் போகும் அதே சாலையின் பக்கம்தான். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் இறங்கிய சுரங்கங்கள். அகமதாபாத்தில் இருந்த ஆண்டுகளில் பிபா அங்கே நடந்த காஸ்மிக் கதிர் ஆய்வுகளில் பங்கெடுத்தார். அந்தக் காலத்தில் நடப்பிலிருந்த 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்படி நிலத்தடிச் சுரங்கத்தில் பெண்ணை வேலைக்கு வைக்கக் கூடாது. 2019 ஜனவரியில்தான், அதுவும் தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகம் ஆகிய பணிகளுக்கு மட்டும், அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். கோலார் சுரங்கம் மூடி 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே ஆண்டு டிசம்பரில் சர்வதேச வானியல் ஒன்றியம், தொலைவிலுள்ள ஒரு விண்மீனுக்கு பிபா என்று பெயர் சூட்டியது.